மறுமணத்துக்குப் பிறகு குழந்தையின் இனிஷியல்: விடுவதா, மாற்றுவதா, தத்து எடுப்பதா?

மறுமணம் செய்துகொண்ட தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பிள்ளையோட இனிஷியலை மாத்தணும், என்ன செய்யணும்?" இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தை மாற்ற வேண்டுமா, அல்லது சட்டப்படி தந்தை யார் என்பதையே மாற்ற வேண்டுமா? எழுத்தை மாற்ற அரசிதழில், அதாவது கெஜட்டில், ஓர் அறிவிப்பு போதும். தந்தையை மாற்றத் தத்து ஒன்றுதான் வழி. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நம்பும் குடும்பங்கள்தான் பின்னாளில் பள்ளியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அலைகின்றன.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களுக்கானது. விவாகரத்துக்குப் பிறகோ கணவர் இறந்த பிறகோ மறுமணம் செய்த தாய், முதல் திருமணத்தில் பிறந்த 18 வயதுக்குட்பட்ட குழந்தை, தாயின் இப்போதைய கணவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. புரிவதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் மலர்விழி, பெற்ற தந்தை செந்தில்குமார், இப்போதைய கணவர் சுரேஷ், பையன் செ. கவின்.

முன்னால் நான்கு வழிகள் உண்டு. இருக்கும் இனிஷியலை அப்படியே விடலாம். தாயின் இனிஷியலுக்கு மாறலாம். இப்போதைய கணவரின் இனிஷியலைக் கெஜட் மூலம் வைக்கலாம். அல்லது அவர் குழந்தையைச் சட்டப்படி தத்து எடுக்கலாம். எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: பெற்ற தந்தை உயிரோடு இருக்கிறாரா, அவர் பக்கத்திலிருந்து சொத்தோ ஜீவனாம்சமோ வர வேண்டியிருக்கிறதா, குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது.

சட்டம் யாருக்கு என்ன உரிமை தருகிறது

இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளர், அதாவது மைனருக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை உள்ள பெற்றவர், யார் என்று சொல்கிறது. அதன் விளக்கக் குறிப்பு, தந்தை, தாய் என்ற சொற்களுக்குள் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் வர மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சுரேஷ் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும், பள்ளிக் கட்டணம் முழுவதையும் அவரே கட்டினாலும், தத்து எடுக்காதவரை குழந்தையின் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் தந்தை என்று கையெழுத்திட அவருக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்து மலர்விழியுடையதாக இருக்க வேண்டும்.

பெற்ற தந்தை இறந்துவிட்டிருந்தால் தாயின் நிலை மிக உறுதியானது. அகெல்லா லலிதா வழக்கில் 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இந்த நிலையில் இருக்கும் ஒவ்வொரு தாயும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் தந்தை 2006-இல் இறந்துவிட்டார். தாய் 2007-இல் மறுமணம் செய்துகொண்டார். தாத்தாவும் பாட்டியும் காப்பாளர் உரிமை கேட்டு 2008-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், குழந்தைக்குப் பெற்ற தந்தையின் குடும்பப் பெயரையே மீண்டும் வைக்க வேண்டும், ஆவணங்களில் இரண்டாவது கணவரை மாற்றாந்தந்தை என்று குறிப்பிட வேண்டும் என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தந்தை இல்லாதபோது ஒரே இயற்கைக் காப்பாளரான தாய்க்குக் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யவும், தத்துக் கொடுக்கவும் உரிமை உண்டு என்றது. மாற்றாந்தந்தை என்று ஆவணத்தில் எழுதச் சொன்னது குழந்தையின் மனத்தையும் தன்மதிப்பையும் பாதிக்கும் கொடுமையான செயல் என்று கண்டித்தது. அந்த வழக்கில் இரண்டாவது கணவர் 2019-இல் பதிவு செய்யப்பட்ட பத்திரம் மூலம் குழந்தையைத் தத்து எடுத்திருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லா விவாகரத்து வழக்கிலும் தாய் தனியாக முடிவெடுக்கலாம் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது தவறு. அது தந்தை இறந்த வழக்கு. தந்தை உயிரோடு இருந்தால் அவர் ஆட்சேபிக்கலாம், நீதிமன்றம் போகலாம். ஆனால் அவர் சொல்வதுதான் முடிவு என்றும் இல்லை. மைனர் மகளின் ஆவணங்களில் தன் குடும்பப் பெயரே இருக்க வேண்டும் என்று கேட்டு வந்த ஒரு தந்தையிடம், தன் பெயரை மட்டுமே பயன்படுத்தச் சொல்ல மகள் தந்தையின் உடைமை அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் கூறியது. குழந்தையின் நலன்தான் நீதிமன்றங்கள் பார்க்கும் அளவுகோல்.

அப்படியே விடுவது

இதைக் கையாலாகாத வழியாகப் பார்க்க வேண்டாம். குழந்தை 9-ஆம் வகுப்பைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் இதுதான் நல்லது. 18 வயது நிறைந்ததும் கவின் தானே கெஜட்டில் விண்ணப்பிக்கலாம், யார் சம்மதமும் தேவையில்லை. தந்தையை நினைவோடு நேசிக்கும் பிள்ளைக்கும், மாதாமாதம் தந்தையைப் பார்த்து வரும் பிள்ளைக்கும் இனிஷியலைப் பிடுங்குவது தேவையில்லாத காயம். தந்தை வழி மரபை மாற்றக் கூடாது என்ற சமய நம்பிக்கையால் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இந்த வழியையே எடுக்கின்றன.

இதில் வரும் உண்மையான சிரமம் இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் தெரியும். ஒரே பள்ளியில் அண்ணன் செ. கவின், தங்கை சு. யாழினி. "ஏன் ரெண்டு பேருக்கும் வேற வேற இனிஷியல்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேள்வி வருவதற்கு முன்பே பதிலைப் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சமாளித்துவிடுகிறார்கள். வீட்டில் மறைத்து வைத்திருந்தால்தான் அது அவமானமாக மாறுகிறது.

தாயின் இனிஷியல்

நான்கில் மிகக் குறைவாக யோசிக்கப்படுவது இதுதான். எங்கள் பார்வையில், விவாகரத்தான குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மிகப் பொருத்தமானதும் இதுவே. செ. கவின் ம. கவின் ஆகிறான். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. புதிய இனிஷியல் யாருடையது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. தந்தை பெயர்க் கட்டத்தில் செந்தில்குமார் அப்படியே இருப்பதால் வாரிசுரிமை, ஜீவனாம்சம் எதுவும் அசையாது. அந்த இனிஷியல் வேறொரு ஆணுடையது அல்ல என்பதால், பெற்ற தந்தை தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். நாளை மலர்விழியின் வாழ்க்கையில் எந்த மாற்றம் வந்தாலும் பிள்ளையின் பெயரை மறுபடி தொட வேண்டியிருக்காது.

குறை ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஒற்றை எழுத்தாக ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்வார்கள். விரித்த பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும். பையன் கவின் மலர்விழி ஆவான். தாய் தன் பாஸ்போர்ட்டில் மலர்விழி சுரேஷ் என்று இருந்தால், ஒரே குடும்பத்தில் குடும்பப் பெயர்கள் பொருந்தாது. தமிழ்க் குடும்பங்களில் இது புதிதும் இல்லை, இதனால் பயணம் நின்றுபோவதும் இல்லை. தாயின் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால் போதும். வளைகுடா நாடுகளுக்கு சுரேஷின் பொறுப்பில் குடும்ப விசா எடுப்பதென்றால்தான் பெற்ற தந்தையின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். இனிஷியலை எப்படி வைத்தாலும் அந்தக் கேள்வி வரும்.

இப்போதைய கணவரின் இனிஷியல், கெஜட் மட்டும்

அதிகம் பேர் விரும்புவதும், அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இந்த வழியைத்தான்.

தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு எப்படி வரும் என்று ஒருமுறை பார்த்தாலே பல குழப்பங்கள் தீரும். அதன் அமைப்பு ஏறக்குறைய இதுதான்: "எனது மகன் செ. கவின், தந்தை பெயர் திரு. செந்தில்குமார், பிறந்த தேதி இன்னது (சொந்த மாவட்டம்: சேலம்), இன்ன முகவரியில் வசிப்பவர், இனி சு. கவின் என அறியப்படுவார்." கீழே தாயின் பெயர், இடம், தேதி. இதில் தந்தை பெயர் மாறவில்லை. பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே இன்னொரு அறிவிப்பும் அச்சாகியிருக்கும்: இந்த விளம்பரத்துக்குச் சட்டப் பொறுப்பு எதையும் அரசு ஏற்காது, விளைவுகளுக்கு அறிவிப்பு கொடுத்தவரே முழுப் பொறுப்பு. கெஜட் ஒரு பொது அறிவிப்பு. நீதிமன்ற உத்தரவின் பலம் அதற்குக் கிடையாது.

ஆகவே கெஜட்டைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரை சுரேஷ் என்று மாற்றக் கேட்டால் பதிவாளர் மறுப்பார், மறுப்பதுதான் சரி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆம் பிரிவு பதிவில் பிழை இருந்தால் திருத்தவும், மோசடியாகச் செய்த பதிவை நீக்கவும் மட்டுமே இடம் தருகிறது. குழந்தை பிறந்த அன்று தந்தை செந்தில்குமார் என்று பதிந்தது பிழை அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். சின்னஞ்சிறு குழந்தை உள்ளவர்கள் மற்ற ஆவணங்களில் எதையாவது ஒட்டவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. செந்தில்குமார், சுரேஷ் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எஸ்தான். ஆங்கில ஆவணங்களில் எதையும் மாற்றாமலே "இனிஷியல் மாறிவிட்டது" என்று குடும்பம் நிம்மதி அடைந்துவிடும். தமிழிலோ செ வேறு, சு வேறு. பெயரோடு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு ஆணை வந்த பிறகு பள்ளிப் பதிவில் தமிழ் எழுத்தும் கவனிக்கப்படுகிறது. பாஸ்போர்ட்டுக்காக எஸ்ஸை விரிக்கும் அன்று செந்தில்குமாரா சுரேஷா என்ற கேள்வி முகத்துக்கு நேராக வந்து நிற்கும். கெஜட்டில் எழுத்தை மட்டும் போடாமல், இனிஷியலின் முழு விரிவையும் சேர்த்து விண்ணப்பிப்பது நல்லது.

இதெல்லாம் தெரிந்தே இந்த வழியை எடுப்பதில் தவறில்லை. தந்தை இறந்துவிட்டார், குழந்தை மிகச் சிறியது, சுரேஷின் எழுத்து பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக மாற்றலாம். பெயர் கவின் சுரேஷ், தந்தை பெயர் செந்தில்குமார் என்று எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. கெஜட்டால் கிடைக்காத ஒன்றையும் மனத்தில் வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியின் முதல் திருமணப் பிள்ளை இரண்டாவது கணவரின் வாரிசு அல்ல. சுரேஷ் உயில் எழுதாமல் இறந்தால், அவர் இனிஷியலைச் சுமக்கும் கவினுக்கு அவர் சொத்தில் பங்கு வராது. தத்து எடுக்காத கணவர் உயில் எழுதி வைப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் நேர்மையான பாதுகாப்பு. சாதிச் சான்றிதழும் அப்படித்தான், இனிஷியல் மாறியதால் மறுமணக் கணவரின் சாதி பிள்ளைக்கு வந்துவிடாது.

கெஜட்டும் இல்லாமல் பள்ளியில் எழுதிவிடுவது

இதை ஐந்தாவது வழி என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நடைமுறையில் மிகப் பரவலாக நடப்பது இது. மறுமணத்துக்குப் பிறகு எல்.கே.ஜி. சேர்க்கும்போது தந்தை கட்டத்தில் சுரேஷின் பெயரை எழுதிவிடுகிறார்கள். பள்ளியிலும் பெரிதாகக் கேட்பதில்லை. அது எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவில் ஏறுகிறது, மாற்றுச் சான்றிதழில் ஏறுகிறது, அங்கிருந்து 10-ஆம் வகுப்புத் தேர்வர் பட்டியலுக்குப் போகிறது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு, பிறப்புச் சான்றிதழில் ஒரு தந்தை, மதிப்பெண் சான்றிதழில் இன்னொரு தந்தை.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இந்த முரண்பாடு தெரிந்தால் விளக்கம் கேட்டு நிறுத்திவைப்பார்கள். தவறான தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் பெறுவது பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. பெற்ற தந்தை இறந்திருந்தால் பாதிப்பு இன்னும் நேரடியானது. அவருடைய வாரிசுச் சான்றிதழில் செ. கவின் என்று மகன் பெயர் இருக்கும். விபத்து இழப்பீட்டில் மைனரின் பங்கை 18 வயதுவரை தேசிய வங்கியில் வைப்பாகப் போட நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். அந்தப் பணத்தை எடுக்க வருகிற இளைஞன் கையில் இருப்பதோ சு. கவின், தந்தை சுரேஷ் என்ற சான்றிதழ். இருவரும் ஒருவரே என்று காட்ட கெஜட்டும் இல்லை, தத்துப் பத்திரமும் இல்லை. தனக்குச் சேர வேண்டிய பணத்துக்கு அந்தப் பிள்ளை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே இப்படி எழுதிவிட்டிருந்தால், பிள்ளை 10-ஆம் வகுப்புக்குப் போவதற்குள் பள்ளிப் பதிவைப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்தக் கேட்டு, தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் அது இன்னும் சிறிய வேலைதான்.

தத்து எடுப்பது

தந்தை கட்டத்திலேயே சுரேஷின் பெயர் வர வேண்டும், அவர் சொத்தில் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே உரிமை வேண்டும் என்றால் வழி இது ஒன்றே. இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956. நீதிமன்றமோ ஆட்சியரோ இல்லாமல், குழந்தையை உண்மையாகவே கொடுத்து, உண்மையாகவே ஏற்று, அதைப் பத்திரமாகப் பதிவு செய்து முடிக்கலாம். தத்த ஹோமம் என்ற வேள்விச் சடங்கு கட்டாயம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. பத்திரத்தில் கொடுப்பவராகத் தாயும் ஏற்பவராக அவர் கணவரும் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்த பத்திரம் இருந்தால் தத்து முறைப்படி நடந்ததாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். ஆனால் கொடுத்து வாங்கும் நிகழ்வே நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்தால் பத்திரம் நிற்காது. சாட்சிகளை வைத்து, புகைப்படம் எடுத்து, தேதியைப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள்.

இந்தச் சட்டத்தில் கால் இடறும் இடங்கள் நான்கு. குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. பெண் குழந்தையானால் தத்து எடுக்கும் ஆண் அவளைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். பெற்ற தந்தை உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அவர் முழுமையாகத் துறவு மேற்கொண்டிருந்தாலோ, இந்து சமயத்திலிருந்து விலகியிருந்தாலோ, மனநலம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ மட்டும்தான் விலக்கு. "பத்து வருஷமா எட்டிக்கூடப் பார்க்கலை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பொறுப்பைக் கைவிட்ட தந்தையின் கையெழுத்துக்காகத் தாய் காத்திருக்க வேண்டியிருப்பது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நான்காவதைப் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆண் குழந்தையைத் தத்து எடுப்பவருக்கு அப்போது மகனோ மகன் வழிப் பேரனோ இருக்கக் கூடாது. பெண் குழந்தைக்கும் இதே மாதிரி, மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. சுரேஷுக்கு முதல் திருமணத்தில் ஒரு மகன் இருந்தால் கவினை இந்தச் சட்டத்தில் தத்து எடுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, மலர்விழிக்கும் சுரேஷுக்கும் ஒரு மகன் பிறந்துவிட்டால் அன்றோடு இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. தத்து என்று முடிவு செய்தவர்கள் அடுத்த குழந்தை பிறக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது, இளைஞர் நீதிச் சட்டம், 2015. எந்தச் சமயத்தவரும் இதில் வரலாம். கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு இது மட்டும்தான் வழி. மேலே சொன்ன மகன், மகள் தடையும் இங்கே கிடையாது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் தத்து எடுப்பதற்கென்றே தனி நடைமுறை இருக்கிறது. தம்பதி, காரா என்று அழைக்கப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பெற்றவர்களின் சம்மதத்தை உரிய படிவத்தில் இணைக்க வேண்டும். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு சரிபார்த்த பின் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். 2022 செப்டம்பர் 1-க்கு முன் இது நீதிமன்றத்திடம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆவணம் ஒன்று குறைந்தாலும் அது நீளும். குழந்தையின் பொறுப்பு குறித்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் தத்து நடைமுறையைத் தொடங்கவே முடியும்.

இரண்டையும் ஒப்பிட்டால் பத்திரம் வேகமானது, ஆட்சியர் உத்தரவு உறுதியானது. பதிவுப் பத்திரத்தை மட்டும் கொண்டுபோனால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்றத் தயங்கி, நீதிமன்ற உத்தரவு கேட்கும் பதிவாளர்கள் இருக்கிறார்கள். ஆட்சியரின் உத்தரவை அப்படி எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. வெளிநாட்டுக் குடியேற்றம் மனத்தில் இருந்தால் ஆட்சியர் உத்தரவு வழியே நல்லது.

தத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் எதை இழக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் தத்தை ரத்து செய்ய முடியாது. தத்து நாளிலிருந்து பெற்ற தந்தையின் குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்துவிடுகிறது. அவர் ஏற்கெனவே இறந்து, பிள்ளையின் பங்கு உரிமையாகிவிட்டிருந்தால் கவலை இல்லை. தத்துக்கு முன் வந்து சேர்ந்த சொத்து பிள்ளையிடமே இருக்கும் என்று 1956 தத்தெடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு காக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் நிலைமை வேறு. நாளை அவர் உயிலின்றி இறந்தால் பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை. ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் அந்தத் தந்தையிடம் தொடராது. தாய் மறுமணம் செய்தாலும் பிள்ளைக்கான ஜீவனாம்சம் நிற்காது என்பதை அறிந்தவர்கள்கூடத் தத்து அதை நிறுத்திவிடும் என்பதைக் கவனிப்பதில்லை. ஜீவனாம்சச் சுமையிலிருந்து தப்பிக்கவே சம்மதக் கையெழுத்தை உடனே போட்டுக்கொடுக்கும் தந்தைகளும் உண்டு.

எந்தக் குடும்பத்துக்கு எது

தந்தை இறந்துவிட்டார், குழந்தை சிறியது, மறுமணக் கணவர் முழு மனத்தோடு முன்வருகிறார் என்றால் தத்துதான் சிறந்தது. சொத்துப் பங்கும் காக்கப்படுகிறது, புதிய தந்தையும் சட்டப்படி கிடைக்கிறார். தாத்தா, பாட்டி சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. இருந்தாலும் பிள்ளை அவர்களைத் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்துவிட்டால் வழக்கே வராமல் போகலாம்.

விவாகரத்தானது, தந்தை ஜீவனாம்சம் கொடுக்கிறார் அல்லது அவருக்குக் கணிசமான சொத்து இருக்கிறது என்றால் தத்து வேண்டாம். அப்படியே விடுங்கள், அல்லது தாயின் இனிஷியல். தந்தை எங்கே என்றே தெரியவில்லை என்றாலும் தாயின் இனிஷியல்தான் கைக்கு எட்டும் வழி. சம்மதம் இல்லாத தத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட, விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தையின் பொறுப்பு தாய்க்கு என்ற பக்கத்தை வைத்துக்கொண்டு கெஜட்டை முடிப்பது மேல். தீர்ப்பில் பொறுப்பு குறித்து ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், முதலில் குடும்பநல நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனு போட்டு அதை வாங்குங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இப்போதுதான் மனு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்: "குழந்தையின் பெயர், இனிஷியல், பள்ளிப் பதிவு, பாஸ்போர்ட் ஆகியவற்றுக்குத் தாயின் கையெழுத்து மட்டும் போதும் என்பதில் தந்தைக்கு ஆட்சேபம் இல்லை." பின்னாளில் தந்தையைத் தேடி அலைவதை இந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

தந்தை மறுமணம் செய்த வீடுகளில் இனிஷியல் பிரச்சினை எழுவதில்லை, ஆனால் தாய் பெயர்க் கட்டத்தில் புதிய மனைவியின் பெயரை எழுதும் தவறு நடக்கிறது. விளைவுகள் மேலே சொன்னவையே. பெற்ற தாயின் நகை, நிலம், காப்பீட்டுத் தொகையைப் பிள்ளை கேட்கும்போது அது தலைதூக்கும்.

எந்த வழியானாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் செய்யாதீர்கள். விவரம் புரியும் வயதுள்ள மைனரின் விருப்பத்தை நீதிமன்றமே கணக்கில் எடுக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழும் குழந்தையின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு.

செய்யும் வரிசை

தத்து என்றால் தத்து உத்தரவு அல்லது பத்திரம், அடுத்து பிறப்புச் சான்றிதழ், பிறகு மற்றவை. கெஜட் வழி என்றால் கெஜட்டில் தொடங்க வேண்டும். விண்ணப்பப் படிவம் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது, அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். பிறப்புச் சான்றிதழ் நகல், சான்றொப்பம் பெற்ற புகைப்படம், முகவரிச் சான்று, தாய் மட்டும் கையெழுத்திடுவதால் முன்னாள் கணவரின் இறப்புச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தமிழில் வெளியிடக் கட்டணம் குறைவு, ஆங்கிலத்தில் அதிகம். ஆங்கிலத்திலேயே வெளியிடுங்கள், பாஸ்போர்ட்டும் வங்கியும் அதைத்தான் கேட்கும். பழைய பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். அங்கே இனிஷியலே இல்லாமல் கவின் என்று மட்டும் இருந்து, ஆதாரில் செ. கவின் என்று இருந்தால் இரண்டையும் குறிப்பிட வேண்டும். பழைய பெயரில் ஓர் எழுத்து தவறினால் அறிவிப்பு வேறு யாருக்கோ வந்ததாக ஆகிவிடும். வெளிவந்தவுடன் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள்.

அடுத்தது ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், தாயின் இனிஷியலா மறுமணக் கணவரின் இனிஷியலா என்று முடிவாகும்வரை ஆதாரைத் தொட வேண்டாம். ஆதாருக்குப் பிறகு பள்ளி. 9-ஆம் வகுப்பு முடிவதற்குள் எமிஸ் பதிவு மாறிவிட வேண்டும், 10-ஆம் வகுப்புத் தேர்வர் பட்டியல் அதிலிருந்துதான் தயாராகிறது. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு 9-ஆம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடப்பதால் 8-ஆம் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது. சான்றிதழ் வந்த பிறகும் பெயர் மாற்றம் கேட்கலாம் என்று ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 3 அன்று வழி திறந்திருக்கிறது, ஆனால் அதற்கு நீதிமன்ற உத்தரவும் கெஜட்டும் இரண்டும் வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் கடைசியில். 2016 டிசம்பர் மாற்றங்களுக்குப் பிறகு தந்தை, தாய், காப்பாளர் மூவரில் ஒருவர் பெயர் கொடுத்தாலே போதும். மற்றவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் தாய் மட்டும் உறுதிமொழி கொடுக்க அனெக்சர் 'சி' படிவம் இருக்கிறது. தத்து இல்லாத நிலையில் தந்தை கட்டத்தில் சுரேஷின் பெயரை எழுதாமல், தாயின் பெயரை மட்டும் கொடுத்து விண்ணப்பிக்கலாம்.

கெஜட் பக்கத்தின் அசல் பிரதிகளைக் கூடுதலாக வாங்கிப் பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். கல்லூரிச் சேர்க்கை, முதல் வேலை, வங்கி வைப்பு முதிர்வு, தந்தை வழிச் சொத்துப் பட்டா என அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பழைய பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதைக் காட்ட வேண்டியிருக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அந்தக் கோப்பு பிள்ளையின் கைக்குப் போக வேண்டும்.